ஈரச் சுவரில் ஒரு தாய்

இந்த அறையின் மூலையில், விசிறிக்கு மேலே, சுவர் பொரிந்து நிற்கிறதே, அது மழை ஒழுகி வந்தது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. சுண்ணாம்பைச் சரியாக ஊற விடாமல் பூசியிருக்கிறார்கள். தண்ணீர் படாத சின்னக் கட்டி ஒன்று உள்ளே தங்கியிருக்கும். சுவர் காய்ந்து வெகுகாலம் கழித்து அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துப் பருத்து, மேலே இருப்பதைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. கடுகளவு கட்டி போதும். அதனால்தான் எங்கள் மேஸ்திரி சுண்ணாம்பை மாதக்கணக்கில் குழியில் தண்ணீருக்கடியில் போட்டு வைத்திருப்பார். யார் அவசரப்படுத்தினாலும் வெளியே எடுக்க மாட்டார்.

நீங்கள் கேட்பது சுண்ணாம்பைப் பற்றி அல்ல என்று தெரியும், ஐயா. குழந்தையைப் பற்றி. பட்டாணி உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் அவளுடைய அம்மாவிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் வரைந்த அந்த ஈரச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் செய்ததைப் புரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சந்தையில் குண்டு விழுந்ததும், பிறகு சண்டை நின்றதும் உங்களுக்குத் தெரியும். சண்டை நின்ற கையோடு நகர மன்றம் கூடி, இறந்தவர்களின் நினைவாக மன்றக் கூடத்தின் நீளச் சுவர் முழுவதும் ஓவியம் தீட்டுவது என்று முடிவெடுத்தது. என்னைக் கூப்பிட்டார்கள். ஈரச் சுவரில் வரையத் தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் மிச்சம்.

நான் ஒப்புக்கொள்வதற்கு முன் யோசித்தேன். போரை வரைவது எப்படி என்பதை வாழ்நாள் முழுக்கப் படித்தவன் நான். படித்ததில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் வெட்கம்தான். பழைய அரண்மனைச் சுவர்களிலும் கோயில் சுவர்களிலும் அரசன் மலை மாதிரி நிற்பான். தோற்றவர்கள் அவன் முழங்காலுக்குக் கீழே, கை கட்டப்பட்டு, ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக நிற்பார்கள். வெட்டிய கைகளைக் குவியலாகச் செதுக்கி வைத்த இடங்களும் உண்டு. கை யாருடையது என்று செதுக்கியவனுக்கு அக்கறையில்லை. பிறகு துணியில் தீட்டிய பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அதில் குதிரையின் கழுத்து நரம்பைக்கூட எண்ணிவிடலாம். செத்தவன் மட்டும் மூலையில், தூங்குகிறவன் மாதிரி, சட்டை கசங்காமல் கிடப்பான். ஏன் தெரியுமா? யாரோ ஒரு ஏழையை ஓவியக்கூடத்தில் படுக்க வைத்து மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வரைந்தது அது. மூச்சைப் பிடித்திருப்பவன் முகத்தில் சாவு இருக்காது, எப்போது எழுந்திருக்கலாம் என்ற எண்ணம்தான் இருக்கும்.

புகைப்படம் வந்த பிறகாவது உண்மை வந்ததா என்றால், அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் புகைப்படத் தகடு மெதுவானது. ஓடுகிறவனைப் பிடிக்காது. அசையாதவனைத்தான் பிடிக்கும். அதனால் சண்டை முடிந்த பின் போய்ப் பிணங்களைப் படமெடுத்தார்கள். சிலர் பிணத்தை நல்ல இடத்துக்கு இழுத்துப் போட்டு, பக்கத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து எடுத்தார்கள்.

நேர்மையானவர்களும் இருந்தார்கள். ஒருவர் செப்புத் தகட்டில் கீறி வைத்தார். தூக்கில் தொங்குகிறவனை, அவனைப் பார்த்து ரசிக்கிறவனை, பசியில் செத்த பெண்ணை. அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் படங்கள் வெளிவரவில்லை. இன்னொருவர் ஒரு பெண். போருக்குப் போன மகன் திரும்பவில்லை. அவனுக்காக அழும் தாயையும் தகப்பனையும் சிலையாகச் செய்து முடிக்க அவருக்கு வருடக்கணக்காக ஆனது. அந்தத் தாயின் முகம் அவருடையதேதான். கண்ணாடியைப் பார்த்தால் போதும் அவருக்கு.

எனக்கு அந்தக் கண்ணாடி இல்லை, ஐயா. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சந்தையில் குண்டு விழுந்த அன்று என் வீட்டில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை.

இதையெல்லாம் நான் சாரத்தின் மேல் நின்று பேசிக்கொண்டே வேலை செய்வேன். மேஸ்திரி பூசிக்கொண்டே கேட்பார். அவர் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

"வாத்தியாரே, அந்தக் காலத்து ராஜா இந்தச் சுவரைக் கேட்டிருந்தான்னு வைங்க, மொத்தச் சுவரும் அவன் மீசைக்கே பத்தியிருக்காது."

"செத்தவங்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருப்பான்?"

"குதிரைக் குளம்புக்கு அடியில எவ்வளவு இடம் இருக்கோ அவ்வளவு. அதையும் குதிரைக்கிட்ட கேட்டுட்டுதான் குடுப்பான்."

அப்படிப்பட்ட மனிதர். சந்தையில் அவருடைய தங்கையின் புருஷன் செத்திருந்தார். தங்கையின் மகளும் போய்விட்டாள் என்றே எல்லோரும் நம்பினார்கள். தகப்பனின் உடல் கிடைத்தது. குழந்தையின் செருப்பு ஒன்று மட்டும் கிடைத்தது. அதையும் தகப்பனோடு சேர்த்துப் புதைத்தார்கள். பட்டாணி என்பது அவர் வைத்த செல்லப்பெயர். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாளாம்.

இப்போது சுவருக்கு வருகிறேன். முதலில் சொரசொரப்பான கனத்த பூச்சு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும், அன்று வரைய முடிகிற அளவுக்கு மட்டும், மெல்லிய பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் வைக்க வேண்டும். பசை கிடையாது, எண்ணெய் கிடையாது. செங்காவி, மஞ்சள் காவி, கரி, எல்லாம் வெறும் தண்ணீரில் அரைத்தது. சுண்ணாம்பு காயும்போது காற்றை உள்ளிழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. வண்ணம் அந்தக் கல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அதனால்தான் எத்தனை தலைமுறை போனாலும் நிற்கிறது. இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் காய்ந்த பிறகு திருத்த முடியாது. தப்பு வந்தால் அந்த நாள் பூச்சை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, புதிதாகப் பூசி, முதலிலிருந்து வரைய வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஈரத்தில் பார்க்கும் நிறம் வேறு, காய்ந்த நிறம் வேறு. காயும்போது வெளுக்கும். அதனால் கண்ணால் பார்ப்பதை நம்பாமல், நாளைக்கு எப்படி இருக்கும் என்று மனதில் பார்த்து வரைய வேண்டும்.

மேலிருந்து கீழே வேலை செய்தோம். வானம், புகை, இடிந்த கூரைகள். சுவரின் நடுவில், எல்லோர் கண்ணும் முதலில் போய் விழுகிற இடத்தில், ஒரு தாய் உட்கார்ந்திருக்க வேண்டும். மடி காலியாக. அந்த முகத்தை நான் கற்பனையில் வரையப் போவதில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னேன். யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லியும் வரையப் போவதில்லை.

அவர் பூச்சுக் கரணையைச் சுவரில் தேய்த்து முடித்தார். பிறகு சொன்னார்: "என் தங்கச்சியக் கூட்டிட்டு வரேன். வீட்டுல சுவரப் பார்த்துட்டேதான் உட்கார்ந்திருக்கா. இங்க வந்து உட்கார்ந்தா, பார்க்கறதுக்காவது நல்ல சுவரா இருக்கும்."

அவள் துணி தைப்பவள். சாரத்தின் மேல்தட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். முதல் சில நாட்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. விரல்கள் மட்டும் ஓயாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத நூலை முறுக்கி, இல்லாத ஊசியில் கோத்துக்கொண்டே இருக்கும். நான் கரித்துண்டால் காகிதத்தில் வரைந்து பழகினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். என்னை அண்ணே என்றாள். நானும் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டேன்.

"அண்ணே, மூக்கு ஒழுங்கா வருதா? எங்க அண்ணன் இதச் சப்பட்ட மூக்குன்னு சொல்லிச் சொல்லியே என் கல்யாணத்தத் தள்ளிப் போட்டான்."

கீழேயிருந்து மேஸ்திரி, "மூக்கு சரியில்லன்னா என்கிட்ட சொல்லுங்க வாத்தியாரே, ஒரு கரணை சாந்து வச்சுத் தூக்கி விட்டுர்றேன்" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வந்து நின்று போகும் இடத்தில் வாயோரம் அசைந்தது. பட்டாணி என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லாதபோது அந்தப் பெயர் அவள் முகத்தில் எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடித்திருந்தேன். கண்ணில் இல்லை. எல்லோரும் கண்ணில்தான் தேடுவார்கள். கீழ்த்தாடையில் இருந்தது. பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த வீட்டைப் போல ஒரு தாடை.

முகத்துக்கான பூச்சு போட்ட காலையில்தான் அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். மேஸ்திரி பூசி முடித்துவிட்டுச் சுண்ணாம்புக் குழிக்குப் போயிருந்தார். அவள் மேலே உட்கார்ந்திருந்தாள். நெற்றியும் ஒரு கன்னமும் முடிந்திருந்தன. வெளிச்சத்தில் காவி நிறத்தைப் பார்க்க வாசலுக்கு இறங்கி வந்திருந்தேன்.

"இங்க பூச்சு வேல பார்க்கிற மேஸ்திரி யாருங்க சார்?"

எதிரொலிக்கிற கூடம் அது. அவரை வெளியே படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். அந்த நிமிடமே எனக்கு உள்நோக்கம் இருந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு எதிரொலி பிடிக்காது, அவ்வளவுதான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு இருக்குதுங்க. ஆறேழு வயசிருக்கும். சந்தையில குண்டு விழுந்தன்னைக்கு யாரோ எங்க வண்டியில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. இத்தன நாளா வாயே தொறக்கல. இப்பதான் பேசுது. பேரக் கேட்டா பட்டாணிங்குது. அது ஒரு பேரா, நீங்களே சொல்லுங்க. அப்பா பேரு என்னம்மான்னா, அப்பாங்குது. அம்மா துணி தைப்பாங்களாம். மாமா சாரத்து மேல நின்னு சுவர் பூசுவாராம். அதான், எங்கெல்லாம் சாரம் கட்டியிருக்கோ அங்கெல்லாம் ஏறி எறங்கிட்டிருக்கேன்."

அவருடைய சட்டையின் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. நல்ல மனிதர். வேலை நேரத்துக்கு இடையில், தன் பாட்டுக்கு, ஊர் முழுக்கச் சாரம் தேடி அலைந்திருக்கிறார்.

மேஸ்திரி வந்ததும் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் சாயங்காலம். பூச்சு காய்ந்துகொண்டிருந்தது, ஐயா. அரை முகம் சுவரில் இருந்தது. அந்த நேரத்தில் அவளிடம் சொன்னால், ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடியிருப்பாள். மிச்ச அரை முகத்தை யாரைப் பார்த்து வரைவது? இத்தனை நாள் பொறுத்தவள், சாயங்காலம் வரை பொறுத்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மேலே ஏறினேன். "யாருண்ணே வந்தது?" என்று கேட்டாள்.

"மணல் விக்கிறவர்" என்றேன்.

சாயங்காலம் முகம் முடிந்தது. மறுநாள் காய்ந்து வெளுத்ததும் பார்த்தேன். தப்பாக இருந்தது. அளவெல்லாம் சரி, மூக்கும் சரி. ஆனால் வாயோரத்தில், தாடையில், ஒரு சின்னத் தளர்ச்சி. யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டு, கவலைப்படாதே என்று சொன்னது போல. எனக்கு முதலில் புரியவில்லை. அவள் முகத்தில் அது இல்லை. அப்புறம் புரிந்தது. எனக்குத் தெரிந்த விஷயம் என் கை வழியாகச் சுவரில் கசிந்துவிட்டது. குழந்தை உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த ஒருவன் வரைந்த முகம் அது. சுவர் எதையும் மறைக்காது.

மேஸ்திரியிடம் கொத்தி எடுக்கச் சொன்னேன். "மூக்குதானே? நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே உளியை எடுத்தார். தங்கையின் முகத்தில் முதல் தட்டு வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். முந்தின நாள் சொல்லியிருந்தால் அரை முகம்தான் நஷ்டம். இப்போது சொன்னால் முகமே கிடையாது. அந்தத் தாடை இனி யாரிடமும் இருக்காது. அவள் ஒருத்தி சந்தோஷப்படுவாள். நல்லதுதான். ஆனால் அந்தக் குவியலில் கிடந்த கைகள், குளம்புக்கடியில் போனவர்கள், முகமே இல்லாமல் வரையப்பட்ட அத்தனை பேர், அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு சுவராவது உண்மையாக இருக்க வேண்டாமா? போவது ஒரு குழந்தையின் சில நாட்கள்தான். சுவர் அப்படி அல்ல. என் இடத்தில் நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் நீங்களும் இதே முடிவுக்குத்தான் வருவீர்கள்.

பிறகு என்னையே பழக்கிக்கொண்டேன். குழந்தை இறந்துவிட்டாள் என்று நானே நம்பும் வரை, ஒவ்வொரு காலையிலும் சந்தை இருந்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். கை மெல்ல மறந்தது. மழைக்காலம் தொடங்கியிருந்ததால் பூச்சும் மெதுவாகக் காய்ந்தது. அது எங்களுக்கு நல்லது, கூடுதல் நேரம் கிடைக்கும். அவளை மறுபடியும் உட்கார வைத்து வரைந்தேன். அந்த முறை முகம் வந்தது. காய்ந்து வெளுத்த பிறகும் நின்றது. மேஸ்திரி கீழேயிருந்து பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார். கேலி பேசாமல் அவர் இருந்தது அன்று மட்டும்தான்.

அன்றைக்கே சொன்னேன். நானாகச் சொன்னேன், ஐயா. யாரும் கேட்கவில்லை, யாரும் கண்டுபிடிக்கவில்லை. அண்ணன் தங்கை இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் பட்டாணி இருக்கிறாள், இன்று ஒரு டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனார் என்றேன். இன்று என்றது ஒன்றுதான் சரியில்லை. மற்றதெல்லாம் உண்மை.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையெல்லாம் சுண்ணாம்பு, கண்ணில் பட்டால் எரியும் என்று நான்தான் கையை இழுத்துக்கொண்டேன். மேஸ்திரி வெறுங்காலோடு ஓடினார்.

ஆஸ்பத்திரி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். சொந்தம் என்று வந்து நின்றவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, யாருமில்லாத பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. முந்தின நாள்தான். எங்கே அனுப்பினார்கள் என்று சொல்ல அங்கே ஆளில்லை. கட்டில்கள் மட்டும் இருந்தனவாம். பிள்ளைகள் வார்டில், ஒரு கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், சாரம் மாதிரி கோடுகள் கிறுக்கி, மேலே ஒரு ஆளை நிற்க வைத்து யாரோ வரைந்திருந்தார்களாம். மேஸ்திரி சொன்னார். நானும் போய்ப் பார்த்திருக்கலாம். பிள்ளைகள் வரைவதில் அளவு சரியாக இருக்காது, ஆனால் யார் முக்கியம் என்பதில் அவர்கள் தவறு செய்வதில்லை.

இரண்டாம் முறை டிரைவர் வந்ததைப் பற்றி மன்றத்துக் காவலாளி உங்களிடம் சொல்லியிருப்பார். ஆமாம், வந்தார். முகத்தை இரண்டாம் தடவை வரைவதற்கு முன்னால் வந்தார். அதே படிக்கட்டில்தான் பேசினோம்.

"சார், மேஸ்திரிகிட்ட சொன்னீங்களா? ஆஸ்பத்திரிய மாத்தப் போறாங்க. சொந்தம்னு ஒருத்தர் வந்து நின்னாப் போதும், குழந்தையக் குடுத்துருவாங்க. காகிதம்கூட வேணாம்."

"கேட்டுப் பார்த்தேன். இவர் அந்த மாமா இல்ல. இவருக்குத் தங்கச்சியே கிடையாது" என்றேன். அதோடு நிறுத்தினால் அவர் ஊர் முழுக்க மறுபடியும் தேடுவார், யாராவது இங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால் தெளிவாகவே முடித்தேன். "நீங்க சொன்ன தையல்காரம்மாவப் பத்தி விசாரிச்சேன். சந்தையிலயே போயிட்டாங்களாம்."

அவர் தொப்பியைக் கழற்றி அதனாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெனமும் கேட்குது சார். காலையில வண்டி கௌம்பறப்போ, இன்னைக்குப் பார்த்துருவீங்களா டிரைவர் மாமாங்குது. நான் போய் என்னன்னு சொல்லுவேன்?"

"உண்மையச் சொல்லிடுங்க. குழந்தைங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது."

சொல்லியிருப்பார். நேர்மையான மனிதர்.

இது உங்களுக்குப் புதிது என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. தாமதம் மட்டும்தான் என்று நினைத்தீர்கள். நான் முழுவதையும் சொல்கிறேன் என்றுதானே தொடங்கினேன். இப்போது எங்கேயோ ஒரு குழந்தை, தாய் இறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு தாய் அதே குழந்தை இறந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டும் கொஞ்ச நாள் ஒரே நேரத்தில் நடந்தன. எந்த ஓவியத்திலும் இதை வரைய முடியாது. ஒரு சுவர் போதாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். கோபமில்லை. இன்னும் நன்றியோடுதான் இருந்தாள்.

"அண்ணே, அந்த டிரைவர் வேற ஏதாவது சொன்னாராண்ணே? எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவாங்கன்னு? ஒரு வார்த்த, ஊரு பேரு மாதிரி?"

நான் யோசிப்பது போல நின்றேன். அவள் நான் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அதைப் பார்த்தேன், ஐயா. அந்த முகத்தை நான் வாழ்நாளில் எங்கும் பார்த்ததில்லை, எந்தச் சுவரிலும், எந்தத் தகட்டிலும். தாடை திறந்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் சற்றே திரும்பி, ஒரு காது மட்டும் தனியாக முன்னால் வந்து நிற்பது போல இருந்தது. அழுகை இல்லை. அழுகைக்கு ஒரு முடிவு இருக்கிறது. இதற்கு இல்லை.

எத்தனை காலமாகத் தவறாக வரைந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. செத்தவர்களை வரைந்தோம், செத்தவர்களுக்காக அழுகிறவர்களை வரைந்தோம். இரண்டுமே முடிந்துபோன விஷயம். போர் உண்மையில் மிச்சம் வைத்துவிட்டுப் போவது காத்திருக்கிறவர்களை. அவர்களை யாரும் வரையவில்லை. என் சுவரில் இருந்த முகமும், அவ்வளவு பாடுபட்டும், முடிந்துபோன ஒருத்தியின் முகம்தான்.

"இல்ல தங்கச்சி. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

உடனே மேஸ்திரியைத் தேடிப் போய், முகத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூச்சு போடச் சொன்னேன்.

"வாத்தியாரே, அது என் தங்கச்சி மூஞ்சி. இன்னொரு தடவ உளிய வைக்கச் சொல்லாதீங்க. நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கு. உண்மையா இல்ல. அவ இப்ப இருக்கிற மாதிரி வரையணும். நாளைக்கு விட்டா மாறிடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற காவலாளி, பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "அந்த டிரைவர் மொத தடவ வந்தப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா இவ்வளவு சிக்கல் இல்ல" என்றார். மேஸ்திரி சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"மொத தடவயா? எப்ப வந்தார் வாத்தியாரே?"

சொன்னேன். கேட்டால் சொல்லிவிடுவேன், அது என் சுபாவம். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கரணையை வாளித் தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, நேராக இங்கே உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறார். கழுவாமல் விட்டால் கரணையில் சுண்ணாம்பு இறுகிவிடும். அவ்வளவு நல்ல வேலைக்காரர்.

அந்த டிரைவர் பாலத்துக்குப் பக்கத்தில் கண்ணிவெடியில் போய்விட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதங்களும் அதே வண்டியில் எரிந்துவிட்டன என்கிறீர்கள். அப்படியானால் பேருந்துகள் எந்த ஊருக்குப் போயின, பிள்ளைகளுக்குப் பொறுப்பாகப் போன அம்மாள் யார் என்று தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். ஆமாம், இரண்டாம் முறை வந்தபோது டிரைவர் சொன்னார். படிக்கட்டில் இறங்கும்போது, யாராவது கேட்டு வந்தால் சொல்லுங்கள் என்று இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு நினைவாற்றல் நல்லது.

அடித்தால் சொல்லிவிடுவேனா என்று யோசிக்கிறீர்கள். அடித்தால் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்வேன். அது சரியான ஊர்தானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் இன்னொரு வாரம் போய்விடும். அந்த ஊரிலும் பிள்ளைகளை வெகுநாள் வைத்திருக்க மாட்டார்களாம். கப்பல் வந்ததும் பிரித்துப் பிரித்துப் பல தேசங்களுக்கு அனுப்பிவிடுவார்களாம். பட்டாணி என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதற்கப்புறம் யார் எங்கே தேட முடியும்? ஆகவே தாமதிக்காமல் இன்றே பூச்சைத் தொடங்குவது எல்லோருக்கும் நல்லது.

மேஸ்திரி வரமாட்டார். பரவாயில்லை, மெல்லிய பூச்சு தெரிந்த வேறு யாரையாவது பிடியுங்கள். சுண்ணாம்பு குழியில் தயாராக இருக்கிறது. கைவிலங்கோடு வேண்டுமானாலும் வரைகிறேன், வலது கை மட்டும் கட்டில்லாமல் இருந்தால் போதும். அவளைக் கூட்டி வந்து என் எதிரில் உட்கார வையுங்கள். ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள், பெயரைச் சொல்ல வேண்டாம். அப்போதுதான் அந்தக் காது அப்படியே இருக்கும். ஒரு பகல் போதும், மழை பெய்தால் கொஞ்சம் கூடுதலாகும்.

முடிந்ததும் நானே சொல்கிறேன். என்னை நம்பலாம், ஐயா. போன தடவையும் நானாகத்தானே சொன்னேன்.